கிரிப் மட்டும்

என் பட்டறைக்கு வருகிறவர்கள் இரண்டே வகை. கோல்ஃப் கிளப்பை, அதாவது பந்தடிக்கும் மட்டையைக் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வகை. கொடுத்துவிட்டு அங்கேயே நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை எனக்கு ஆகவே ஆகாது. நம்பிக்கை இல்லையென்றால் எதற்குக் கொண்டுவர வேண்டும்? நேராகவே சொல்லிவிடுவேன்: "சார், எதிர்ல டீக்கடை இருக்கு. ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க." அப்படியும் நகராவிட்டால், வேலையைப் போட்டுவிட்டு நானே டீக்கடைக்குப் போய்விடுவேன்.

ஒரு பல் டாக்டர் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு டிரைவர் உடைப்பார். டிரைவர் என்பது பையில் இருப்பதிலேயே நீளமான கிளப், ஒவ்வொரு குழியிலும் முதல் அடிக்கு எடுப்பது. உடைந்ததைக் கொண்டுவந்து, "தானா உடைஞ்சிடுச்சும்மா" என்பார். ஷாஃப்டில், அதாவது அதன் நீளத் தண்டில், மரப்பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். "ஆமா டாக்டர், மரம் ஓடிவந்து மோதியிருக்கு" என்பேன். அவருக்குக் கோபம் வராது, சிரித்துக்கொண்டே அங்கே நின்று பார்க்க ஆரம்பிப்பார். நான் விரட்டுவேன்.

என் தம்பி முதல் வகை. முதல் வகையிலும் முதல் ஆள். கிளப்பை மேசைமேல் வைப்பான், என்ன வேண்டும் என்று ஒரு வரி சொல்வான், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். வாங்கும்போதும் பார்க்க மாட்டான். பிடியைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொள்வான். அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டறை என்றால் பெரிதாக எதுவும் இல்லை. கோல்ஃப் மைதானத்தின் பின்வாசல் சந்தில், பஞ்சர் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில் ஒன்பதடி அகல அறை. ஒரு மேசை, அதில் கிளப்பை இறுக்கிப் பிடிக்க ரப்பர் தாடை வைத்த வைஸ், வெட்டும் சக்கரம், சூடான காற்றை ஊதும் துப்பாக்கி, சுவரோரம் நீளவாரியாக ஷாஃப்டுகள், டப்பா டப்பாவாக வளையங்கள். நான் மைதானத்தின் பழுதுபார்க்கும் அறையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்து, பில் புத்தகத்தை விட்டுவிட்டு வைஸைப் பிடித்துக்கொண்டவள். தம்பி அதே மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பை தூக்கப் போய், பைக்குச் சொந்தக்காரர்களைவிட நன்றாக அடிக்கப் பழகியவன். எல்லாரும் அவனைக் குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பு அப்படி. ஆனால் பந்தை அடித்தால் தடியர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார்கள்.

அவனுடைய கிளப்புகள் எல்லாமே நான் கோத்தவை. ஒருவரின் ஷாஃப்ட், இன்னொருவர் வேண்டாமென்று விட்ட ஹெட், அதாவது பந்தில் படும் தலைப்பகுதி, மிச்சம் கிடந்த ரப்பர் கிரிப் என்று சேர்த்துச் சேர்த்துச் செய்தேன். கடையில் வாங்கினவன் பக்கத்தில் நிற்க முடியாதபடி எடை பார்த்துச் செய்தேன். எனக்கு அதில் தலைக்கனம் உண்டு. இல்லையென்று பூசி மெழுகப் போவதில்லை. அவன் ஜெயித்தால் பாதி என் கை என்று நினைப்பேன். பாதி என்பதுகூட வாய்க்குச் சொல்வது, மனசுக்குள் கொஞ்சம் கூடவே வைத்திருந்தேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுக்குத் தகுதிப் போட்டி வந்தது. நான்கு நாள் ஆட்டம். முதல் முப்பது பேருக்குள் வந்தால் தொழில்முறை ஆட்டக்காரன் என்று கார்டு கொடுப்பார்கள். அதன் பிறகு பை தூக்க வேண்டாம், ஆடிச் சம்பாதிக்கலாம். மூன்று வருடமாக அவன் அதற்கென்றே சாப்பிட்டான், அதற்கென்றே தூங்கினான். போட்டி அடுத்த ஊரில். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் டிரைவரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"அக்கா, கிரிப் மட்டும் மாத்து. வேற எதையும் தொட்டுடாத."

"ஏன், தொட்டா தேஞ்சு போயிடுமா?"

"உன் கை சும்மா இருக்காது. அதான் சொல்றேன். கிரிப் மட்டும்."

"சரிடா சாமி, கிரிப் மட்டும். போ."

போய்விட்டான். வழக்கம்போலத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிரிப் மாற்றுவது அரை மணி நேர வேலை. கொக்கிக் கத்தியால் பழைய ரப்பரைக் கிழித்து, அடியில் இருக்கும் டேப்பை உரித்து, புது டேப் சுற்றி, தின்னர் ஊற்றி வழுக்கவிட்டுப் புது கிரிப்பை ஏற்றினால் முடிந்தது. செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்த மாதம்தான் நான் ஒரு எந்திரம் வாங்கியிருந்தேன். ஷாஃப்டின் ஒரு முனையை அதில் இறுக்கி, மறுமுனையைத் தட்டிவிட்டால், நிமிடத்துக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று எண் காட்டும். எண் குறைந்தால் ஷாஃப்ட் தொளதொளவென்று இருக்கிறது என்று அர்த்தம், கூடினால் விறைப்பு. பழைய கிரிப்பைக் கிழித்த கையோடு, சும்மா பார்ப்போமே என்று அவனுடைய டிரைவரை அதில் மாட்டினேன்.

எண் குறைவாக இருந்தது. அவன் வேகத்துக்கு அந்த ஷாஃப்ட் ரொம்ப மெத்து. எனக்குப் பொறி தட்டியது. பதற்றமான நேரத்தில் அவனுடைய பந்து இடப்பக்கம் வளையும். வருடக்கணக்காக இருக்கும் குறை அது. அவன் மணிக்கட்டைத் திட்டிக்கொள்வான், நின்று பார்ப்பவர்கள் தோளைக் குறை சொல்வார்கள். காரணம் இதோ என் எந்திரத்தில் எண்ணாக நிற்கிறது என்று நினைத்தேன்.

ஷாஃப்டை மேல்முனையில், அதாவது கை பிடிக்கும் பக்கத்தில் வெட்டினால் கிளப் குட்டையாகும், வேறு பெரிதாக ஒன்றும் ஆகாது. ஹெட்டுக்குள் நுழையும் மெல்லிய அடிமுனையில் வெட்டினால் அதன் குணமே மாறிவிடும், விறைத்துக்கொள்ளும். அடியில் ஓர் அங்குலம் வெட்டினால் எண் சரியாக வரும் என்று கணக்குப் போட்டேன். நீளம் குறையாமல் இருக்க மேல்முனையில் ஓர் அங்குல ஒட்டுத்துண்டைச் செருகிவிடலாம். அதன்மேல் கிரிப் ஏறிவிட்டால் யாருக்கும் தெரியாது. வெட்டியதை மறுபடி ஒட்ட முடியாது என்பதும் தெரியும். இந்தத் தொழிலில் அது முதல் நாளே தெரிந்துகொள்கிற விஷயம்.

அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பான், அதனால் கேட்கவில்லை. கார்டு வாங்கிவந்த பிறகு சொல்லி அவனை வாயைப் பிளக்க வைக்கலாம் என்று இருந்தேன். அவனுடைய வெற்றியில் ஓர் அங்குலம் எனக்கும் வேண்டியிருந்தது. உள்ளதைச் சொன்னால் அவ்வளவுதான்.

ஹெட்டின் கழுத்தைச் சூடுகாட்டிக் கழற்றினேன். ஷாஃப்ட் சிதறாமல் டேப் சுற்றி, சக்கரத்தில் வைத்து வெட்டினேன். கறுப்புத் தூள் பறந்தது. முனையை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஹெட்டின் கழுத்தை மூடும் பழைய வளையத்தையே மறுபடி ஏற்றி, எபாக்ஸி பசை தடவி ஹெட்டில் நிறுத்தினேன். ஒரு நாள் முழுக்க இறுகவிட்டேன். வளையத்தின் விளிம்பைத் துடைத்துப் பளபளப்பாக்கினேன். பிறந்தபடியே இருக்கிறது என்று சத்தியம் பண்ணலாம் போல இருந்தது. கிளம்பும் நாள் சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவந்தான், பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினான், பையில் போட்டான், போய்விட்டான். வெட்டிய துண்டு மட்டும் மேசைமேல் கிடந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. வளையங்கள் வைக்கும் டப்பாவில் போட்டு வைத்தேன்.

எந்திரம் எனக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த இடப்பக்க வளைவு அவனுக்குத் தெரியும். தெரிந்ததால், வருடக்கணக்கில் தன்னையறியாமல் அதற்கு இடம்விட்டு, எப்போதும் கொஞ்சம் வலப்பக்கமாகவே குறி பார்ப்பான். பந்து வலது பக்கம் கிளம்பி, வளைந்து, நடுவில் வந்து விழும். அவனுடைய ஆட்டமே அந்தக் குறையைச் சுற்றிக் கட்டியது. நான் குறையை எடுத்துவிட்டேன். வலப்பக்கக் குறி அப்படியே இருந்தது. பந்து வளையாமல் நேராக வலப்பக்கம் இருந்த குளத்துத் தண்ணீரில் போய் விழுந்தது. முதல் நாள் மட்டும் மூன்று தடவை.

அன்று சாயங்காலம் போன் பண்ணினான்.

"அக்கா, கிளப் வேற மாதிரி இருக்கு. கிரிப் தவிர ஏதாவது பண்ணினியா?"

அந்த ஒரு நொடியில் நான் என்னென்னவோ நினைத்தேன். போட்டி நடுவில் சொன்னால் மனசு உடைந்துவிடுவான். நாளைக்குப் பழகிவிடும். மூன்று நாள் இருக்கிறதே. இதெல்லாம் அவனுக்காக நினைத்தது மாதிரிதான் அப்போது இருந்தது. எனக்காக நினைத்தது என்று புரிய வருடங்கள் ஆயின.

"இல்லையே. கிரிப் மட்டும்தான்" என்றேன். "புது கிரிப் கொஞ்சம் தடியாத் தெரியும். நீ கையைப் பாரு. பதட்டத்தில இறுக்கிப் பிடிக்கிறியோ என்னவோ."

"கையா?"

"ஆமா, கைதான்."

"சரிக்கா" என்று வைத்துவிட்டான். அவன் என்னை நம்பினான், கையைச் சந்தேகப்பட்டான். மூன்று நாளும் கையைப் பார்த்துப் பார்த்து அடித்தான். அடி குறைவாக எடுத்தவன் ஜெயிக்கிற ஆட்டத்தில், கார்டு வாங்கின கடைசி ஆளைவிட மூன்று அடி அதிகம் எடுத்து முடித்தான்.

திரும்பி வந்து ஆறு மாதம் அந்தக் கையோடு மல்லுக்கட்டினான். பிடியை மாற்றினான், நிற்பதை மாற்றினான், மற்ற கிளப்புகளில் நன்றாக இருந்த அடியும் கெட்டது. ஒருநாள் நானாகவே, "அதுக்குப் புது ஷாஃப்ட் போட்டுத் தரட்டுமாடா?" என்று கேட்டேன். "எதுக்கு? கிளப்ல ஒண்ணுமில்லன்னு நீதானே சொன்ன" என்றான். அன்று சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். பிறகு அவன் பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். பிறகு கல்யாணம், கல்யாண வீட்டில் யாராவது இதைச் சொல்வார்களா? அதன் பிறகு எல்லாரும் மறந்துவிட்டதைக் கிளறுவானேன் என்று ஒரு சாக்கு. சாக்குக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு வருடமும் ஒன்று கிடைத்தது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தம்பி மனைவி போன் செய்தாள். அவள் சுற்றி வளைக்கத் தெரியாத பெண். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

"அக்கா, பைபாஸ் பக்கம் புதுசா பிராக்டிஸ் மைதானம் திறந்திருக்காங்கள்ல, அந்த ஓனர் ரெண்டு தடவை வீட்டுக்கே வந்துட்டார். இவர் வந்து சொல்லிக்கொடுக்கணுமாம். கிடங்கு சம்பளத்தைவிட அதிகம், முதுகு வலியும் இல்ல. இவர் முடியாதுன்னுட்டார்."

"ஏனாம்?"

"காரணம் சொல்ல மாட்டேங்கிறார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா அப்படியே நம்புவார்."

நம்புவான், எனக்குத் தெரியாதா.

மறுநாள் மத்தியானம் அவனே வந்தான். கிடங்கில் ஷிப்ட் முடிந்து அந்தக் காக்கிச் சட்டையோடு, கையில் பழைய துண்டில் சுற்றிய டிரைவரோடு. பன்னிரண்டு வருடத்தில் தலை பாதி நரைத்துவிட்டது, ஆனால் இன்னும் குச்சிதான். துண்டைப் பிரித்து மேசைமேல் வைத்தான். கிரிப் வெயிலில் கிடந்த டயர் போல வெடித்திருந்தது.

"கிரிப் மட்டும் மாத்திடுக்கா. யாராவது கேட்டா குடுத்துடு. வீட்டுல இடத்தை அடைக்குது."

"விக்கவா போற?"

"வச்சு என்ன பண்ண?"

"அந்த மைதானத்து ஓனர் கூப்பிட்டாராமே. ஏன் முடியாதுன்ன?"

அவன் சுவரோரம் நின்ற ஷாஃப்டுகளில் ஒன்றை எடுத்து விரலில் நிறுத்திப் பார்த்தான், விழப்போகும்போது பிடித்து மறுபடி வைத்தான். அதெல்லாம் அவனுக்கு மறக்கவே இல்லை.

"சொல்லிக்கொடுக்கிறவனுக்கு முதல்ல அவன் கை மேல நம்பிக்கை வேணும்கா. என் கை எப்படின்னு எனக்குத் தெரியும். நல்லாத்தான் இருக்கும், கடைசி நேரத்தில கழுத்தறுத்துடும். அன்னைக்கு நீதானே போன்ல சொன்ன, கையைப் பாருன்னு. நீ சொல்ற வரைக்கும் எனக்கே அது தெரியாது. என் கையையே நம்ப முடியாதவன் இன்னொருத்தன் கையைப் பிடிச்சு எப்படிச் சொல்லித்தர்றது?"

குறை சொல்வது போலச் சொல்லவில்லை. ஒரு டாக்டர் வியாதியைக் கண்டுபிடித்துச் சொன்னால் நன்றியோடு ஞாபகம் வைத்திருப்பார்களே, அப்படிச் சொன்னான். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

"டீ குடிச்சிட்டு வர்றேன். உனக்கும் சொல்லவா?" என்றான்.

"வேண்டாம், போயிட்டு வா."

போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

கிளப்பை வைஸில் இறுக்கினேன். கொக்கிக் கத்தியை எடுத்தேன். பழைய ரப்பரைக் கிழித்து டேப்பை உரித்தேன். மேல்முனையில் அந்த ஓர் அங்குல ஒட்டுத்துண்டு தெரிந்தது. ஷாஃப்ட் கறுப்பு, துண்டு வெளிர் சாம்பல், நடுவில் கோடு. ஒரு குழந்தைகூடக் கண்டுபிடிக்கும், இங்கே ஏதோ சேர்த்திருக்கிறது என்று.

அவன் திரும்பிவர இருபது நிமிடம் இருந்தது. புது டேப் சுற்றி, புது கிரிப் ஏற்றி, அந்தப் பல் டாக்டர் தலையில் கட்டினால் போதும். அடுத்த மாதமே மரத்தில் அடித்து உடைத்துவிடுவார், கதை முடிந்துவிடும். என் கை புது கிரிப்பை எடுக்கக்கூட எடுத்தது. எடுத்துப் பிரித்து, மேசைமேல் வைத்து, பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கிளப் மொட்டையாக வைஸில் நின்றது. வாயைத் திறக்க எனக்குத் தைரியம் போதாது என்று தெரியும், அதனால் அதை அப்படியே விட்டுவைத்தேன்.

அவன் ஒரு பேப்பர் கப்பில் எனக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

"முடியலையா இன்னும்? வயசாயிடுச்சு உனக்கு" என்று சிரித்தான். அப்புறம் வைஸைப் பார்த்தான். "இது என்னக்கா, மேல?"

"ஒட்டுத்துண்டு."

"இது முன்னாடி இல்லையே."

"நான்தான் போட்டேன்."

"எப்ப?"

"போட்டிக்குப் போறதுக்கு முன்னாடி."

அவனுக்குப் புரியவில்லை. நீளம் கூட்டினாயா என்று கேட்டான். இல்லை என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. எந்திரத்தைச் சொன்னேன், எண்ணைச் சொன்னேன், அடிமுனையில் வெட்டியதைச் சொன்னேன், விறைத்துப்போன ஷாஃப்டில் பந்து இடப்பக்கம் வளையாது என்றேன். "நீ எப்பவும் போல வலது பக்கம் குறி பார்த்திருக்க. அது அப்படியே போயிருக்கு. உன் கை ஒண்ணும் பண்ணலடா. உன் கை சரியாத்தான் இருந்துச்சு."

டீ கப்பை மேசைமேல் வைத்தான். கொஞ்சம் சிந்தியது. துடைக்கவில்லை.

"வெட்டின துண்டு இருக்கா?"

டப்பாவைக் கவிழ்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தேன். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு கறுப்புக் குழாய்த் துண்டு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். கிளப்பை எடுத்து மேசைமேல் ஒரு போடு போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வெட்டினதை விடு" என்றான் கடைசியில். "நல்லது நினைச்சுத்தான் வெட்டியிருப்ப. உன் கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் குடுத்தேன்."

நான் சிந்திய டீயைத் துணியால் துடைத்தேன்.

"முதல் நாள் சாயங்காலம் நான் போன் பண்ணிக் கேட்டேன்ல."

"ஆமா."

"அப்ப சொல்லியிருந்தா டிரைவரைப் பையிலேயே வச்சிருப்பேன். மூணு நாளும் மூணு வுட்லயே ஆரம்பிச்சிருப்பேன். தூரம் கொஞ்சம் குறையும், ஆனா தண்ணிக்குப் போகாது. மூணு அடிதான்கா."

மூன்று வுட் என்பது டிரைவருக்கு அடுத்த கிளப். அதையும் நான்தான் கோத்தேன். அதில் நான் கை வைக்கவில்லை. பையில் பக்கத்திலேயே இருந்தது. அதை நான் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. வெட்டியதுதான் தப்பு, வெட்டியதைத் திருப்ப முடியாது, அதனால் சொல்லியும் பிரயோஜனமில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் திருப்பியிருக்கலாம்.

"மன்னிச்சுடுடா" என்றேன்.

"ம்" என்றான். அது சரி என்பதா, கேட்டது என்பதா, எனக்குத் தெரியவில்லை. அந்தத் துண்டை என் கையில் திருப்பிக் கொடுத்தான். "இதை நீயே வச்சுக்கோ." வைஸைத் தளர்த்தி, கிரிப் இல்லாத கிளப்பை அப்படியே அந்தப் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். என்னை இல்லை, மேசையை, அதன்மேல் கிடந்த என் கருவிகளை.

பத்து நாள் அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் போன் செய்யவில்லை, எந்த முகத்தோடு செய்வது? பதினோராம் நாள் தம்பி மனைவி கூப்பிட்டாள். குரலிலேயே சந்தோஷம்.

"அக்கா, சரின்னுட்டார். திங்கக்கிழமை கிடங்குல வேலையை விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டார். பழைய டிரைவரைத் தூக்கிட்டு தினம் காலையில போய் அடிச்சுப் பார்த்துட்டு வர்றார். என்னக்கா சொன்னீங்க அவர்கிட்ட? கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறார்."

அவளிடம் அவன் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவன் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். "அவன் கை நல்ல கைதான்னு சொன்னேன்."

இன்று காலை வந்தான். வெள்ளை டி-ஷர்ட், அதில் மைதானத்தின் சின்னம். தோளில் ஒரு பை. அதில் படிக்க வருகிறவர்களின் கிளப்புகள் ஏழு, அவனுடைய டிரைவர் ஒன்று. டிரைவரின் மொட்டை முனையில் வெறும் டேப்பைச் சுற்றி வைத்து இத்தனை நாளும் அடித்திருக்கிறான். எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தான்.

"எல்லாரையும் உன்கிட்டதான் அனுப்பப் போறேன். உன்னை மாதிரி வேலை இந்த ஊர்ல யாருக்கும் வராது."

நிஜமாகத்தான் சொன்னான். அவனுக்குப் பொய் வராது.

"எப்படி இருக்கு புது வேலை?"

"நல்லா இருக்கு. இந்த ஷாஃப்டும் பழகிடுச்சு. குறியை நடுவில வச்சா நேராப் போகுது."

"வச்சிட்டுப் போ. சாயங்காலம் வந்து வாங்கிக்கோ."

அவன் போகவில்லை. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்தான், தூசியைத் தட்டினான், மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான்.

"இருக்கேன்."

"எட்டு கிளப் இருக்குடா, நாலு மணி நேரம் ஆகும். டீயாவது குடிச்சிட்டு வாயேன்."

"டீ வேண்டாம்கா. நீ வேலையைப் பாரு."

வேறு யாராக இருந்தாலும் விரட்டியிருப்பேன். நான் வைஸின் திருகைத் தளர்த்தி, அதை அவன் பக்கமாகத் திருப்பினேன், என் இரண்டு கையும் அவனுக்குத் தெரிகிற மாதிரி. அவனுடைய டிரைவரை முதலில் எடுத்து இறுக்கி, கொக்கிக் கத்தியைக் கையில் எடுத்தேன்.

"கிரிப் மட்டும்தானே?" என்று கேட்டேன்.

"கிரிப் மட்டும்தான்" என்றான், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.